எத்தனை கொடுக்குது?

கார் வைத்திருக்கும் இரண்டு பேர் கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தால், சாம்பார் வருவதற்குள் பேச்சு மைலேஜுக்கு வந்துவிடும். "உங்க வண்டி எத்தனை கொடுக்குது?" என்பார் ஒருவர். இதற்கு உண்மையைச் சொன்ன ஆண்மகனை நான் இன்னும் சந்திக்கவில்லை. கம்பெனி விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணிலிருந்து இரண்டைக் கழித்துச் சொல்வது மரபு. கழிக்காமல் சொன்னால் புளுகுமூட்டை என்பார்கள். ஐந்தைக் கழித்தால், "நல்ல மெக்கானிக்கா பார்த்துக் காட்டுங்க சார்" என்று துக்கம் விசாரிப்பார்கள். நான் பல வருடங்களாக "சிட்டியில 18, ஹைவேல 20" என்று சொல்லிவருகிறேன். வண்டி மட்டும் அதற்கு ஒருநாளும் சம்மதித்ததில்லை.

கம்பெனிக்காரர்களைத் திட்டவும் வழியில்லை. அவர்கள் போடும் எண், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக்கூடத்தில் முறைப்படி அளந்தது. அங்கே கார் எங்கேயும் போவதில்லை. உருளைமேல் சக்கரத்தை ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டுகிறார்கள். சுமார் 20 நிமிட ஓட்டம், 11 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உச்ச வேகம் 90. ஏ.சி. போடுவதில்லை. எங்கள் மதுரையின் கோரிப்பாளையம் சிக்னல் கிடையாது, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோ கிடையாது, முன்சீட்டில் உட்கார்ந்து "பார்த்து, பார்த்து!" என்று இல்லாத பிரேக்கை மிதிக்கும் மனைவியும் கிடையாது. அந்தச் சுகத்தில் யாராக இருந்தாலும் 22 கொடுக்கத்தான் செய்வார்கள்.

மைலேஜ் கூட்டப் பெட்ரோலில் ஊற்றும் பாட்டில் பக்கம் என்னைத் தள்ளிவிட்டவன் மச்சினன். கோயம்புத்தூர்க்காரன், மனைவிக்குத் தம்பி. ஒரு காதுகுத்துக்கு வந்தவன் எங்கள் வண்டியைச் சுற்றிவந்து டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "ஏனுங் மாமா, எத்தன குடுக்குதுங்க?" என்றான். "18, ஹைவேல 20" என்றேன். "என்றது 22 குடுக்குதுங்க. நீங்க ஆடிட்டிவ் ஊத்தறதில்லீங்களா?" என்றான், குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லையா என்று கேட்கும் குரலில். மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தம்பியின் வண்டி 22, புருஷன் வண்டி 18. இதற்கு மேல் ஒரு மனிதனைத் தூண்டிவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த தடவை பங்க்கில் நின்றபோது, ஊழியர் "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்று சொன்ன கையோடு, "ஆடிட்டிவ் ஒண்ணு போட்டுரவா சார்? மைலேஜ் ரெண்டு மூணு ஏறும்" என்றார். வழக்கமாக நான் தலையை ஆட்டி மறுத்துவிடுவேன். அன்றைக்கு வேறு திசையில் ஆட்டினேன். ஒன்றை அங்கேயே டேங்கில் ஊற்றச் சொல்லி, இன்னொன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டு மேஜைமேல் வைத்த பாட்டிலை மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது யாருக்கு மருந்து?"

"வண்டிக்கு."

"எவ்வளவு?"

விலையைப் பாதியாகச் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டுதான். ஆனால் பாட்டிலிலேயே 450 என்று அச்சடித்திருந்தார்கள். இந்த நாட்டில் அதிகபட்ச விலையை அச்சிட வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள் கல்யாணமானவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

அவள் மாதாமாதம் சீட்டுக் கணக்குப் பார்த்துப் பழகியவள். பால் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். "டேங்க்குக்கு எத்தனை லிட்டர்?"

"35."

"லிட்டர் 100 ரூபான்னே வச்சுக்குவோம். 3,500. பாட்டில்ல என்ன போட்டிருக்கான்? 10 சதவீதம் வரைக்கும் கூடும்னு. சரி, முழு பத்தும் கூடிருச்சுன்னே வைங்க. இப்ப 15 ஓடுற வண்டி..."

"18."

"15 ஓடுற வண்டி பதினாறரை ஓடும். அதே தூரத்துக்கு 35 லிட்டருக்குப் பதிலா 32 லிட்டர் போதும். மிச்சம் 3 லிட்டர், 300 ரூபா. 300 ரூபாயை மிச்சம் பிடிக்க 450 ரூபா குடுத்திருக்கீங்க."

அதாவது, பாட்டில் சொல்வது பொய்யாக இருந்தால்தான் எனக்கு நஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சொல்வது அட்சரம் பிசகாத உண்மையாக இருந்தாலும் 150 ரூபாய் நஷ்டம். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் எவ்வளவோ எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள், இதைப் போடவில்லை.

நானும் விடவில்லை. "ஒரு தடவை சுத்தமாச்சுன்னா பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்படியே நிக்கும்" என்றேன்.

"அப்ப முதல்ல அழுக்கு இருக்கான்னு பார்த்தீங்களா?"

இந்தக் கேள்வியைத்தான் நான் படித்த எல்லாக் கட்டுரைகளும் கேட்கின்றன. அவள் ஒன்றையும் படிக்காமல் கேட்டுவிட்டாள். பாட்டில்களில் உருப்படியான ரகம் ஒன்று உண்டு. அதில் பாலிஈதர் அமைன் என்ற துப்புரவு மருந்து இருக்கும். மீதி பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான். பெட்ரோலைச் சாரலாக அடிக்கும் இன்ஜெக்டரின் நுண்துளைகளில் கரி படிந்தால், உப்பு பிடித்த ஷவர் மாதிரி சாரல் போய் ஒழுகல் வந்துவிடும். அந்தக் கரியை மருந்து கரைக்கும். கரைத்தால் இழந்த மைலேஜ் திரும்ப வரும். இழக்காததை எப்படித் திருப்பித் தரும்? அதிலும், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் அடிக்கும் புது ரக எஞ்சின்களில் இன்டேக் வால்வு மேல் பெட்ரோல் படுவதே இல்லை; பெட்ரோலோடு போகும் மருந்து அந்த வால்வை எட்டிக்கூடப் பார்க்காது. போதாக்குறைக்கு, கம்பெனிகள் பிரீமியம் என்று விற்கும் பெட்ரோலிலேயே துப்புரவு மருந்து கலந்து வருகிறது. அமெரிக்காவில் 1995 முதல் எல்லா பெட்ரோலிலும் அது இருந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

"பெட்ரோலை முழுசா எரிய வைக்கும்" என்று ஒரு வசனம் எல்லாப் பாட்டிலிலும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் எரியாமல் போவதே நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். எரிந்த பிறகுதான் அக்கிரமம் நடக்கிறது. எரிந்து வரும் சக்தியில் பெரும்பங்கு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடுகிறது. சக்கரத்துக்குக் கால்வாசி வந்தால் பெரிய விஷயம். 100 ரூபாய் பெட்ரோலில் 75 ரூபாய் மதுரையைச் சூடாக்கச் செலவாகிறது. ஏற்கெனவே காயும் அந்த ஊருக்கு அது தேவையில்லை.

பெட்ரோலில் எதைக் கலந்தாலும் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கலந்து உலகத்தையே மாற்றிய ஒருவர் இருந்தார். தாமஸ் மிட்ஜ்லி, ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர். எஞ்சின் 'டக டக' என்று இடிக்காமல் இருக்க என்ன கலக்கலாம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து பார்த்தார். டெல்லூரியம் சேர்மத்தைச் சோதித்த காலத்தில் உடம்பிலும் உடுப்பிலும் பூண்டு நாற்றம் ஏறி, குளித்தாலும் போகவில்லையாம். கடைசியில் 1921 டிசம்பரில் ஈயச் சேர்மம் ஒன்று சிக்கியது. வேலையும் செய்தது. எஞ்சினின் அழுத்தத்தைக் கூட்டிக் கட்ட முடிந்தது, அதனால் அதே பெட்ரோலில் அதிக வேலை வாங்க முடிந்தது. 1923-ல் ஓஹியோவில் விற்பனைக்கு வந்தது. அப்புறம் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துக் குழந்தைகள் ஈயத்தை மூச்சில் இழுத்தார்கள். இந்தியாவில் அது 2000-ல்தான் ஒழிந்தது. உலகத்தின் கடைசி பங்க்கில், அல்ஜீரியாவில், 2021-ல். ஆக, உண்மையிலேயே வேலை செய்த பாட்டில் அதுதான். என் பாட்டில் வேலை செய்யாததற்காக நான் சந்தோஷப்பட வேண்டும் போலிருக்கிறது.

நம் பக்கத்து மனிதர்களுக்கு இதில் இன்னும் பெரிய கனவு இருந்தது. பெட்ரோலில் எதைக் கலப்பது என்று ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், தண்ணீரையே பெட்ரோலாக்கிவிட்டால்? 1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை என்பவர் மூலிகையோடு கிளம்பினார். தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் காய்ச்சிக் கலக்கினால் பெட்ரோல் மிதக்கிறது என்றார். பத்திரிகைகளெல்லாம் முதல் பக்கத்தில் போட்டன. டெல்லி வரைக்கும் கூப்பிட்டுச் செய்துகாட்டச் சொன்னார்கள். எங்கள் ஆபீசில் அந்த மாதம் ஃபைல் நகரவில்லை. இனி ஸ்கூட்டருக்குத் துளசிமாடத்திலேயே பெட்ரோல் பறித்துக்கொள்ளலாம் என்று ஒரு சீனியர் கிளார்க் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான், கலக்கிய கோல் உள்ளே குழலாக இருந்ததும், அதில் பெட்ரோலை அடைத்து மெழுகால் மூடியிருந்ததும் தெரியவந்தது. 2000-ல் சி.பி.ஐ. கைது செய்தது, 2016-ல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. இன்றைக்கும் டீக்கடையில் பேச்சை எடுத்தால், "அதெல்லாம் எண்ணெய்க் கம்பெனிக்காரன் அமுக்கிட்டான்யா" என்று சொல்ல ஒருவர் கண்டிப்பாக இருப்பார். அவரை எதிர்த்துப் பேசக் கூடாது, டீ ஆறிவிடும்.

அந்தக் காலத்து ஸ்கூட்டர்க்காரர்கள் மூலிகை வராத குறைக்கு டேங்க்கில் அந்துருண்டையைப் போட்டார்கள். பீரோவில் கரப்பானை விரட்டியது, டேங்க்கில் ஃபில்டரை அடைத்தது. வண்டியும் நின்றது, பட்டுப்புடவையிலும் பூச்சி விழுந்தது.

இப்படி உலகம் பூராவும் ஆட்கள் இருந்ததால்தான் 1970-களில் எண்ணெய் விலை எகிறியபோது அமெரிக்க அரசு ஒரு காரியம் செய்தது. மைலேஜ் கூட்டுவதாகச் சொல்லும் சரக்கையெல்லாம் அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வாங்கி வைத்துச் சோதிக்க ஆரம்பித்தது. காந்தம், நீராவி விடும் டப்பா, மாத்திரை, பாட்டில் என்று நூற்றுக்கு மேல் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி மைலேஜைக் கூட்டிய சரக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. சிலது இம்மியளவு கூட்டியது. அதிலும் சிலது புகையையும் சேர்த்துக் கூட்டியது.

இத்தனை பெரிய முகமை சொன்னால் என்ன, மதுரையில் ஒரு குடும்பஸ்தன் அளந்து பார்த்ததற்கு ஈடாகுமா? நான் அளந்தேன். முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: டேங்க்கை நிரப்பு, ஓட்டு, திரும்ப நிரப்பு, வகுத்துப் பார். முறை சுத்தம், நிரப்புவதில்தான் சூட்சுமம். பங்க் துப்பாக்கி 'டக்' என்று கட் ஆஃப் ஆனால் டேங்க் நிறைந்தது என்று அர்த்தம். ஒரு பங்க்கில் அது சீக்கிரம் கட் ஆகும், இன்னொன்றில் தாமதமாக. தரை சாய்ந்திருந்தால் வேறு மாதிரி. ஆகவே நான், "கழுத்து வரைக்கும் போடுப்பா" என்று சொல்லிவிட்டு, இறங்கி வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டினேன், காற்றுக் குமிழி மேலே வரட்டும் என்று. பின்னால் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பிறகு அவரே இறங்கிவந்து, "தள்ளணுமா அண்ணே?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு பக்கம் பிடித்து ஆட்டினார். கழுத்து வரை நிரப்பினால் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டருக்குள் பெட்ரோல் இறங்கிக் கெடுத்துவிடும் என்று மெக்கானிக் பின்னால் சொன்னார். இப்படி ஆட்டியும் ஒரு லிட்டர் கூடக்குறைய வரத்தான் செய்கிறது. 35-ல் ஒரு லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 3 சதவீதம். பாட்டில் ஏதாவது நல்லது செய்திருந்தாலும் அது அந்த ஆட்டத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

ஆனால் பாட்டில் ஊற்றிய டேங்க்கில் மைலேஜ் கூடிவிட்டது! பதினேழைத் தொட்டது. நோட்டோடு சமையலறைக்கு ஓடினேன்.

"இந்த டேங்க் எங்க ஓடுச்சு?" என்றாள் அவள், தாளிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"திருச்சிக்கு, பெரியம்மா வீட்டுக்கு."

"நாலு வழிச் சாலையில. போன டேங்க்?"

"...டவுனுக்குள்ள."

"சரி, திருச்சிக்கு எப்படி ஓட்டினீங்க? லாரியெல்லாம் நம்மளை முந்திட்டுப் போச்சு. ஒரு டிராக்டர் போச்சு. நான் தூங்கி எழுந்து பார்த்தா இன்னும் துவரங்குறிச்சி."

எண்பதைத் தாண்டாமல், பிரேக்கை மிதிக்காமல், முன்னால் போகிறவர் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே யோசித்து ஓட்டியிருந்தேன். மைலேஜ் அளக்கிறேன் அல்லவா? வேகமாகக் கிளம்பி, சடாரென்று பிரேக் போட்டு ஓட்டினால் ஹைவேயில் 15 முதல் 30 சதவீதம் வரையும், நின்று நின்று போகும் ஊருக்குள் 10 முதல் 40 சதவீதம் வரையும் மைலேஜ் போய்விடும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. அந்த நாற்பதில் முப்பதாவது என் வலது காலில்தான் இருக்கிறது. சிக்னல் பச்சை விழுவதற்கு முன்பே கிளம்பி, அடுத்த சிக்னலில் முதல் ஆளாக நிற்கும் வீரம் அந்தக் காலுக்கு உண்டு. அதற்கு ஊற்ற இன்னும் பாட்டில் வரவில்லை.

இதற்கிடையில் அரசாங்கமே நம் டேங்க்கில் ஓர் ஆடிட்டிவை ஊற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது பங்க்கில் வருவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தது. கரும்பிலிருந்தும் அரிசியிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுத்த அசல் சரக்கு. எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக யாரும் தொட்டதில்லை; வண்டி குடிக்க ஆரம்பித்துவிட்டது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கில் மூன்றில் ஒன்று போனால் சுமார் 6, 7 சதவீதம் அடி. பழைய ரகக் கார்களுக்கு நிதி ஆயோக் 2021-ல் சொன்ன கணக்கும் அதுவேதான். எஞ்சினை இதற்கேற்பச் சரிசெய்த கார்களுக்கு 1, 2 சதவீதம் என்றார்கள். எண்ணெய் இறக்குமதி குறையும், விவசாயிக்குக் காசு வரும் என்று அரசு சொல்லும் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் 450 ரூபாய் கொடுத்து ஏறும் என்று நான் ஊற்றுவது ஒரு பக்கம், இறங்கும் என்று தெரிந்தே அவர்கள் ஊற்றுவது இன்னொரு பக்கம். டேங்க்குக்குள் நடக்கும் இந்தப் பட்டிமன்றத்தில் என் கட்சி தோற்றது.

பை-பாஸ் ரோட்டு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். இன்ஜெக்டரைப் பாருங்கள் தம்பி என்றேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. குனிந்து டயரைப் பார்த்தார். கேஜை வைத்தார். 33 இருக்க வேண்டிய இடத்தில் 24.

"அண்ணே, டயர்ல காத்தே இல்ல. இதுக்கு டானிக்கு ஊத்தினா என்ன ஆகும்?"

காற்று ஒவ்வொரு பாயிண்ட் குறைவதற்கும் மைலேஜில் 0.2 சதவீதம் போகும். ஒன்பது பாயிண்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு சதவீதம். பங்க்கில் காற்று இலவசம். இலவசம் என்பதாலேயே நான் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவதில்லை என்று நினைக்கிறேன். காசு கொடுக்காத மருந்தில் நம்பிக்கை வருவதில்லை.

அடுத்து டிக்கியைத் திறந்தார். திறந்துவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார்.

உள்ளே இருந்தவை: பேப்பர்காரருக்குப் போட வேண்டிய பழைய பேப்பர்க் கட்டுகள், போன நவராத்திரிக்கு எடுத்துப்போய் இன்னும் இறங்காத கொலுப்படியின் இரும்புச் சட்டங்கள், 20 லிட்டர் தண்ணீர் கேன், நிறைந்தது, அதற்கு அடியில் சாக்குச் சுற்றி, குழவியோடு ஓர் ஆட்டுக்கல்.

ஆட்டுக்கல் மாமியாருடையது. அவர் வீட்டை இடித்துக் கட்டியபோது, "என் பிள்ளைக்குத்தான்" என்று சொல்லி எங்கள் வண்டியில் ஏற்றிவிட்டார். கோயம்புத்தூர் போகும்போது கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் போகும்போது மறந்துவிடுகிறோம், அல்லது ஞாபகம் வந்து, தூக்க நினைத்து, மறந்துவிடுகிறோம். 45 கிலோ கூடுதல் சுமைக்குச் சுமார் ஒரு சதவீத மைலேஜ் போகும் என்கிறார்கள். சிறிய வண்டிக்கு இன்னும் அதிகம். கல் மட்டுமே அதைத் தாண்டும் என்று, தூக்கிப் பார்த்த மெக்கானிக்கின் இடுப்பு சொன்னது. அதாவது மச்சினன் வண்டி 22 கொடுப்பதற்கும் என் வண்டி 15 கொடுப்பதற்கும் காரணங்களில் ஒன்று, அவன் சொத்தை நான் சுமந்துகொண்டு திரிவது.

பட்டறையில் நின்றபடியே அவனுக்குப் போன் போட்டேன். அடுத்த வாரம் கல்யாணத்துக்கு மதுரை வருகிறாய் அல்லவா, திரும்பும்போது உங்கம்மா கொடுத்த ஆட்டுக்கல்லை உன் வண்டியில் எடுத்துக்கொண்டு போ என்றேன்.

"ஐயோ, கார்லயாங் மாமா?" என்றான். "வேண்டாமுங். அத ஏத்துனா மைலேஜ் போயிருமுங்."